கண்டுபிடித்தவர் கம்பெனி மாறினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கும் காப்புரிமை (பேட்டன்ட்) அலுவலகத்தில் தாக்கல் செய்ய விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அதற்கு முன் பதினொரு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில், ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் (ஆர் அண்ட் டி) இருந்தேன். சின்ன யூனிட் வைத்திருப்பவர் வந்தால், "ஆளை வளர்த்துவிட்டா அடுத்த தெருக்காரன் கூட்டிட்டுப் போயிடறான், நான் எதுக்கு சார் வளர்க்கணும்?" என்பார். இளம் இன்ஜினியர் வந்தால், "நான் கண்டுபிடிச்சதை நானே எடுத்துட்டுப் போகலாமா சார்?" என்பார். இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள். வழக்கமாக வருகிற மற்றவற்றையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒருத்தர் வேலை மாறுவதற்கும் நாட்டில் புதுமை வளர்வதற்கும் என்ன சம்பந்தம்?

தொழில் அறிவில் பாதிதான் காகிதத்தில் இருக்கும். மீதிப் பாதி ஆளோடுதான் நகரும். பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1962-லேயே இதைச் சொல்லியிருக்கிறார்: தகவல் பரவும் வழிகளில் ஒன்று, ஆட்கள் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு ஐப்பசி மாதம். சிலிக்காப் பொடி சேர்த்த ரப்பர் கலவையில் (கம்பவுண்ட் என்போம்) எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீல் போட்டுக்கொண்டிருந்தோம். அச்சிலிருந்து வந்த பீஸை அறுத்துப் பார்த்தால் உள்ளே பொடிப்பொடியாகக் குமிழ். ஃபார்முலா மாறவில்லை, சூடு மாறவில்லை, நேரம் மாறவில்லை. லேப் முழுக்க மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டது. வேறொரு கம்பெனியிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒருவர், கலவை மில்லின் உருளையில் சுற்றிக்கொண்டிருந்த ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு கிள்ளி விரலால் நசுக்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஸ்டோருக்குப் போனார். சிலிக்கா மூட்டைகள் ஷட்டர் ஓரம், சாரல் அடிக்கிற இடத்தில் அடுக்கியிருந்தன. "இது தண்ணி குடிச்சிருக்கு சார். ஓவன்ல காயவெச்சுட்டுக் கலங்க."

சிலிக்கா ஈரத்தை இழுக்கும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எங்கள் எல்லாருக்கும் தெரியும். குமிழ் வந்தால் முதலில் மூட்டையைப் போய்த் தொட்டுப் பார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது அவர் பழைய இடத்தில் சில மழைக்காலங்கள் பட்டுக் கற்றது. எங்களுக்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டது. அவரை வேலைக்கு எடுத்தபோது இதற்கென்று யாரும் சம்பளம் பேசவில்லை.

வளரும் நாடுகளில் இதைப் பற்றி ஏன் கூடுதலாகப் பேசுகிறார்கள்?

பணக்கார நாடுகளில் அறிவு வந்து சேர நிறைய வாசல்கள் உண்டு. நம்மிடம் கொஞ்சம்தான். 2020-21 கணக்கின்படி இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம், அதிலும் தனியார் பங்கு பாதிக்கும் குறைவு. அதனால் உருப்படியாக ஆள் வளர்க்கிற இடங்கள் ஏதோ சில இருக்கும். அங்கிருந்து கிளம்புகிறவர்கள்தான் மற்ற இடங்களுக்கு விதை.

வங்கதேசத்தைப் பாருங்கள். தேஷ் கார்மெண்ட்ஸ் என்ற கம்பெனி 1970-களின் கடைசியில் கொரியாவின் டேவூ கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, சுமார் 130 பேரைக் கொரியாவுக்கு அனுப்பித் தையல் தொழிற்சாலை நடத்தப் பழக்கியது. சில வருடங்களில் அவர்களில் பெரும்பாலானோர் வெளியேறிவிட்டார்கள். சிலர் சொந்தமாக ஆரம்பித்தார்கள், சிலர் மற்றவர்களுக்கு ஆரம்பித்துக் கொடுத்தார்கள். இன்று அந்த நாட்டின் ஏற்றுமதியில் பெரும்பங்கு ஆயத்த ஆடைதான். காப்புரிமை, ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இதில் இல்லை. ஆனால் வளரும் நாடுகளில் பாதிப் புதுமை இப்படித்தான் நடக்கிறது: வேறெங்கோ இருப்பதை இங்கே ஓடவைப்பது.

இன்னொன்று நமக்குப் பக்கத்திலேயே. பொதுத்துறை மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல்.லின் ஹைதராபாத் ஆலையில் வேலை பார்த்த அஞ்சி ரெட்டி, 1984-ல் டாக்டர் ரெட்டிஸ் மருந்துக் கம்பெனியை ஆரம்பித்தார். அவரைப் போல அங்கே பழகி வெளியே வந்தவர்களால்தான் ஹைதராபாத் மருந்து ஊரானது. ஐ.டி.பி.எல்.லுக்கு நம் நந்தம்பாக்கத்திலும் அறுவைக் கருவிகள் செய்யும் ஆலை ஒன்று இருந்தது. ஆனால் நந்தம்பாக்கத்தை யாரும் கருவிகளின் தலைநகரம் என்று சொல்வதில்லை. மருந்துக்காரர்களுக்கு இறங்க ஓர் இடம் தயாராக இருந்தது என்பது என் கணிப்பு. 1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் 1972-ல் அமலுக்கு வந்தபின், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் என்று ஆனது. 2005 வரை அப்படியே இருந்தது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்யத் தெரிந்த வேதியியல்காரருக்கு அது பொற்காலம். ஆள் கிளம்பினால் மட்டும் போதாது, போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். இதைத்தான் நம் ஊரில் யாரும் பேசுவதில்லை.

சென்னையில் கண்ணெதிரே தெரிகிற உதாரணம்?

மென்பொருளில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அமெரிக்காவில் குவால்காமில் இருந்த ஸ்ரீதர் வேம்பு 1996-ல் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்த அட்வென்ட்நெட்தான் பின்னாளில் ஜோஹோ ஆனது. ஜோஹோவில் இருந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் வெளியே வந்து ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பித்தார். அது ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி 2021-ல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. இடையில் 2020-ல் ஜோஹோ அமெரிக்க நீதிமன்றத்தில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் மீது ரகசியத் தகவல் தொடர்பாக வழக்குப் போட்டதும், பிறகு சமரசம் ஆனதும் செய்திகளில் வந்தவைதான். சொந்தக்காரர்களுக்குள் வரப்புத் தகராறு மாதிரி. ஆனால் ஊருக்கு இரண்டு வயல் கிடைத்தது.

வன்பொருளில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் பக்கம்தான் பார்க்க வேண்டும். அங்கே சக்தி என்ற ப்ராசசர் திட்டத்தில் பழகியவர்கள் வெளியே வந்து இன்கோர், மைண்ட்குரோவ் என்று சிப் வடிவமைக்கும் கம்பெனிகளை நடத்துகிறார்கள். அங்கேயே வளர்ந்த அக்னிகுல், 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் ராக்கெட்டைச் சோதனையாக ஏவியது. ஏதர் மின்சார ஸ்கூட்டரின் நிறுவனர்கள் இருவரும் ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்தவர்கள்தான். தொழிற்சாலை ஓசூரில்.

மென்பொருளில் கதைகள் நிறைய இருப்பதற்குக் காரணம் எளிது. லேப்டாப்பும் ஆறு மாதச் சம்பளமும் இருந்தால் வெளியே வந்துவிடலாம். ஓர் அச்சு (மோல்ட்) வடிவமைப்பாளர் வெளியே வந்தால் அச்சு செய்யும் டூல் ரூம் வேண்டும், சோதனைக் கருவி வேண்டும், பேங்க்காரர் வீட்டுப் பத்திரம் கேட்பார். தரமணியில் 2010-ல் வந்த ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா மாதிரி, பலரும் சேர்ந்து பயன்படுத்துகிற கருவியும் இடமும் இருந்தால்தான் அந்தப் பக்கம் ஆள் நகரும். அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் அப்படி இன்னும் பத்து வேண்டும்.

ஆள் போனால் பழைய கம்பெனிக்கு நஷ்டம்தானே?

உடனடியாக, ஆமாம். பூசி மெழுக வேண்டாம்.

ஆனால் நீண்ட நாள் கணக்கு வேறு. டென்மார்க்கில் 1999 முதல் 2004 வரை ஆராய்ச்சி செய்யும் நிறுவனங்களை எல்லாம் எடுத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆராய்ச்சிப் பணியாளர் சேர்ந்த புது இடத்தில் காப்புரிமைகள் கூடின. அதோடு, அவர் போய்ச் சேர்ந்த இடமும் காப்புரிமை எடுக்கிற இடமாக இருந்தால், விட்டுவந்த பழைய நிறுவனத்துக்கும் பலன் திரும்பி வந்தது. இரண்டையும் கூட்டினால் மொத்தத்தில் லாபம். காரணம் ஒன்றும் மாயமில்லை. போனவர் பழைய நண்பர்களோடு பேசிக்கொண்டுதான் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் பார்க்கும்போது "அங்க எப்படிப் பண்றீங்க?" என்று ஆரம்பித்தால், சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் இரண்டு பக்கமும் கொஞ்சம் கைமாறியிருக்கும்.

டென்மார்க் அம்பத்தூர் இல்லை, தெரியும். கம்பவுண்ட் தெரிந்த ஒரே ஆள் போனால் இரண்டு மாதம் லைன் தடுமாறுகிற கம்பெனிகள் இங்கே நிறைய. அங்கே பிரச்சினை அவர் போனது இல்லை, ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் வைத்திருந்தது. போகிறவரை நிறுத்த வழியில்லை என்று ஆன பிறகு முதலாளி செய்ய வேண்டியது, கடைசி நாள் ஒரு நல்ல சாப்பாடு போட்டு அனுப்புவது. முறைத்துக்கொண்டு அனுப்பினால் அறிவும் போகும், போன் நம்பரும் போகும்.

எந்த மாதிரி ஆளை எடுத்தால் புதுசாக ஏதாவது பிறக்கும்?

அமெரிக்க நிறுவனங்களிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போன செமிகண்டக்டர் இன்ஜினியர்களைப் பற்றி 2003-ல் சாங், அல்மெய்டா, வூ என்ற மூவர் எழுதியது இங்கே பொருந்தும். வந்தவரின் அறிவு புது இடத்தில் வேர்பிடிப்பது மூன்று சமயங்களில் அதிகம்: கம்பெனி தன் பழைய பாதையிலேயே ஊறிப்போகாமல் இருந்தால், வந்தவருக்குத் தெரிந்தது கம்பெனிக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தள்ளி இருந்தால், அவரை முக்கியத் தொழிலுக்குச் சற்று வெளியே உள்ள வேலையில் போட்டால்.

நம் ஆட்கள் செய்வது நேர் எதிர். போட்டி கம்பெனியில் அதே பீஸைச் செய்தவரை இருமடங்கு சம்பளத்தில் கொண்டுவந்து, அதே பீஸைச் செய்யச் சொல்வார்கள். ஆறு மாதத்தில் அவர் வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார்.

வெளிநாடு போய்விட்டவர்கள் நமக்குக் கணக்கில் உண்டா?

உண்டு, ஆனால் மேடையில் சொல்கிற அளவுக்கு இல்லை. இடம் மாறிய கண்டுபிடிப்பாளர்களின் காப்புரிமைகளை வைத்து 2006-ல் வந்த ஓர் ஆய்வு, அவர்கள் முன்பு இருந்த ஊருக்கு அவர்களின் அறிவு போய்ச் சேர்வது, அங்கே வாழ்ந்தே இராவிட்டால் போயிருக்கக்கூடியதைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம் என்று கண்டது. ஆனால் இந்தியக் கண்டுபிடிப்பாளர்களை வைத்து 2011-ல் வந்த ஆய்வு இன்னும் நிதானமானது. சராசரியாகப் பார்த்தால் ஒரே ஊரில் இருப்பவர்களிடமிருந்து கிடைப்பதுதான் அதிகம். மிக முக்கியமான கண்டுபிடிப்புகளில் மட்டும் வெளிநாட்டு இந்தியர்களின் தொடர்பு கைகொடுக்கிறது.

திரும்பி வருகிறவர் கதை தனி. ஒரு பெரிய அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனத்தின் இந்திய ஆய்வு மையத்தில் 1,315 பேரின் விவரங்களை ப்ரித்விராஜ் சௌத்ரி ஆராய்ந்தார். புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு எந்த மேலாளர் என்பதை அங்கே ஹெச்.ஆர். விதிதான் முடிவு செய்யும், ஆளைப் பார்த்து இல்லை. வெளிநாட்டில் இருந்து திரும்பியவரின் கீழ் வேலை பார்க்க நேர்ந்த உள்ளூர்ப் பிள்ளைகள் கூடுதலாக அமெரிக்கக் காப்புரிமைகளுக்கு விண்ணப்பித்திருந்தார்கள்.

தைவானில் இதுவே நாட்டையே மாற்றியது. 1976-ல் அரசு ஆய்வு நிறுவனமான இட்ரி தன் இன்ஜினியர்களை அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனிக்குச் சிப் செய்யும் பயிற்சிக்கு அனுப்பியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் 25 வருடம் இருந்த மோரிஸ் சாங் 1985-ல் இட்ரிக்குத் தலைமை ஏற்க வந்தார், 1987-ல் சிப் செய்துகொடுக்கும் டி.எஸ்.எம்.சி. பிறந்தது. அவர் வந்து இறங்கியபோது பயிற்சி பெற்ற ஆட்கள் பத்து வருடமாகக் காத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஓ.எம்.ஆர். பக்கம் பன்னாட்டு ஆய்வு மையங்களுக்கு நம் நல்ல ஆட்கள் போய்விடுகிறார்களே?

போகிறார்கள். அங்கே கண்டுபிடிக்கப்படுவதன் உரிமை பெரும்பாலும் தாய் நிறுவனத்துக்குப் போகும். பதிலுக்கு நம் ஆட்களுக்குச் சோதனை ஒழுங்கு, ஆவணப் பழக்கம், பெரிய அளவில் யோசிக்கிற தைரியம் கிடைக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து அம்பத்தூருக்குத் திரும்பி வர சம்பளம் விடுவதில்லை என்பதுதான் சிக்கல். வாரத்தில் ஒரு நாள் ஆலோசகராக வரவழைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அவர் வேலை ஒப்பந்தம் அனுமதித்தால் தாராளமாக.

"போட்டி கம்பெனியில் இரண்டு வருடம் சேரக் கூடாது" என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். செல்லுமா?

வேலையை விட்ட பிறகு, பொதுவாகச் செல்லாது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதை ஓர் ஒப்பந்தம் எந்த அளவுக்குத் தடுக்கிறதோ அந்த அளவுக்கு அது செல்லாது என்கிறது. கலிஃபோர்னியாவிலும் இதே மாதிரி சட்டம், அதே 1872-ல் வந்தது. சிலிக்கான் வேலியில் ஆட்கள் தாவித் தாவிப் போனதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். மிச்சிகன் மாநிலம் நேர்மாறான பாடம். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்கு அங்கே இருந்த தடையை 1985-ல் கிட்டத்தட்டக் கவனக்குறைவாக நீக்கிவிட்டார்கள். அவை செல்லுபடியானதும், கண்டுபிடிப்பாளர்கள் வேலை மாறுவது 8 சதவீதம் குறைந்தது என்று 2009-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

வேலையில் இருக்கும் காலம் வேறு விஷயம். நிரஞ்சன் சங்கர் கோலிகரி வழக்கு பிரபலம். டயர் கார்டு நூல் செய்யும் ஆலையில் ஐந்து வருட ஒப்பந்தத்தில் சேர்ந்து, பயிற்சி பெற்று, நடுவிலேயே போட்டி ஆலைக்குப் போனார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை போட்டியாளரிடம் போகக் கூடாது என்ற தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் சொன்னது. பாண்டும் அப்படியே. மூன்று வருடத்துக்குள் விட்டால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் இப்படி. நடப்பு எப்படி? கோர்ட்டுக்கு யாரும் போவதில்லை. ரிலீவிங் லெட்டரை இழுத்தடிப்பார்கள், அசல் சர்டிஃபிகேட்டைப் பீரோவில் வைத்துக்கொள்வார்கள், 90 நாள் நோட்டீஸ் என்பார்கள். புது இடத்தில் 30 நாளுக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள். கலிஃபோர்னியாவின் சட்டத்தை வைத்துக்கொண்டு மிச்சிகனில் வாழ்கிறோம்.

அப்படியானால் எதை எடுத்துப் போகலாம்?

தலையில் இருக்கும் திறமையை. பென் டிரைவை அல்ல. வரைபடம், ஃபார்முலா ஷீட், வாடிக்கையாளர் பட்டியல் எதுவும் உங்களுடையது இல்லை. வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், ஒப்பந்தத்தை வைத்தே நீதிமன்றம் தடை போடும். தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289-வது அறிக்கையில் பரிந்துரைத்திருக்கிறது.

பெரிய ஆட்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். டி.எஸ்.எம்.சி.யின் லியாங் மாங் சாங் சாம்சங்குக்குப் போனபோது, டி.எஸ்.எம்.சி. வழக்குப் போட்டு 2015-ல் தைவான் உச்ச நீதிமன்றம்வரை ஜெயித்தது. அவர் 2017-ல் சீனாவின் சிப் கம்பெனியான எஸ்.எம்.ஐ.சி.யில் இணைத் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஆளை முழுசாக நிறுத்த யாராலும் முடியவில்லை.

தமிழ்நாடு காப்புரிமை விண்ணப்பத்தில் முன்வரிசையில் இருக்கிறதே, அப்புறம் என்ன குறை?

எண்ணிக்கை சந்தோஷம்தான். நாடு முழுக்க 2023-24-ல் 92,000-க்கும் மேல் விண்ணப்பங்கள் போயின. ஆனால் என் மேஜைக்கு வருவதில் ஒரு பங்கு, தரவரிசை மதிப்பெண்ணுக்காகக் கல்லூரிகள் போடுகிறவை. ஆறு பேராசிரியர்கள் பெயர் இருக்கும், செய்து பார்த்த பொருள் இருக்காது. அந்த ஆறு பேர் வேலை மாறினாலும் எந்தத் தொழிலுக்கும் எதுவும் நகராது.

யார் எங்கே போனார் என்பதை ஆய்வாளர்கள் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

காப்புரிமையில் கண்டுபிடிப்பாளர் பெயரும் முகவரியும் இருக்கும். விண்ணப்பம் 18 மாதம் கழித்து வெளியாகும். ஒரே பெயர் 2012-ல் ஒரு கம்பெனியின் விண்ணப்பத்திலும் 2016-ல் வேறு கம்பெனியின் விண்ணப்பத்திலும் இருந்தால், ஆள் மாறிவிட்டார் என்று கணக்கு.

தமிழர்களிடம் இந்தக் கணக்கு படுத்துவிடும். எஸ். கார்த்திக், கார்த்திக் எஸ்., கார்த்திக் சுப்பிரமணியன், சுப்பிரமணியன் கார்த்திக் நால்வரும் ஒருவராக இருக்கலாம். அமெரிக்க விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் ஏறிவிடும், இந்திய விண்ணப்பத்தில் இனிஷியல் மட்டும் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய பெண்கள் கம்ப்யூட்டரின் கண்ணில் புது ஆள். மறுபக்கம், சென்னையில் எத்தனை எஸ். கார்த்திக் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அது போக, சிலிக்கா மூட்டையைத் தொட்டுப் பார்த்தவர் மாதிரி ஆட்கள் எந்தக் காப்புரிமையிலும் இல்லை. அதனால் நம் பக்கத்து எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது.

பழைய கம்பெனியிலிருந்து போன் செய்து, நான் அங்கே செய்ததற்குக் காப்புரிமை போடுகிறோம், கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். போடலாமா?

இது வாரம் ஒருமுறை நடப்பது. கம்பெனி தன் பெயரில் விண்ணப்பிக்க, கண்டுபிடித்தவர் உரிமையைக் கொடுத்தார் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், தாக்கலிலிருந்து ஆறு மாதத்துக்குள். ஆள் வெளியே போயிருந்தால் ஹெச்.ஆர். அலைகிற அலைச்சல் கொஞ்சமில்லை. வேலை ஒப்பந்தத்திலேயே உரிமை கம்பெனிக்கு என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருப்பீர்கள், ஆகவே கையெழுத்தை நிறுத்தி வைப்பதால் பணம் வராது. ஜெர்மனியில் 1957 முதல் ஊழியரின் கண்டுபிடிப்புக்குத் தனிச் சட்டமும் ஊதியமும் உண்டு. நம் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

போட்டுவிடுங்கள். போடுவதற்கு முன் கண்டுபிடிப்பாளர் வரிசையில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், காப்புரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவின்படி அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் போன பிறகு வந்து சேர்ந்த மேனேஜர் பெயர் மேலே ஏறியிருந்தால், அவர் என்ன செய்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள். அப்புறம், இனிஷியல் எந்தப் பக்கம் போட்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.